இயந்திரத்தின் தீர்ப்பும் நமது கடமையும்

நம்மினும் வல்லவன் ஒருவன் கூறும் தீர்ப்பை நாம் எவ்வாறு சோதித்தறிவது? வல்லவன் சொன்னான் என்பதற்காகவே ஒப்புக்கொள்வோமாயின், சீர்தூக்கும் வேலையை அறவே கைவிட்டவராவோம். நமக்கு விளங்கவில்லை என்பதற்காகவே தள்ளிவிடுவோமாயின், நமது அறியாமையையே அளவுகோலாகக் கொண்டவராவோம். இவ்விரண்டுக்கும் நடுவே வேறு வழி உண்டா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. இதனை ஆராய்வதற்குச் சதுரங்கப் பலகை மிகவும் ஏற்ற இடம். அங்கே மறைபொருள் ஒன்றுமில்லை. 32 காய்களும் 64 கட்டங்களும் ஆடுவோர் இருவர்க்கும், அருகில் நின்று பார்ப்போர்க்கும், ஒன்றுபோலவே தெரிகின்றன. தெரிந்தும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்டால் நால்வர் நான்கு விதமாகச் சொல்லுகின்றனர்.

சொல்லுகின்றனர் என்றோம், சொன்னார்கள் என்பதே பொருந்தும். இன்று ஒரு பள்ளிச் சிறுவனின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் ஓடும் சதுரங்க நிரல், உலகச் சாம்பியனையும் தோற்கடிக்கும் வலிமை வாய்ந்தது. பலகையின் எந்த நிலையை அதன்முன் வைத்தாலும் நொடிப்பொழுதில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. வெள்ளைக்கு ஏற்றமாயின் கூட்டற்குறி, கறுப்புக்கு ஏற்றமாயின் கழித்தற்குறி, சமனாயின் சுழி. முன்னெல்லாம் தோட்டத்து வாசகசாலையில் ஓர் ஆட்டம் முடிந்தால், அதைப்பற்றிய வாதம் ஆட்டத்தைக் காட்டிலும் நீண்டுபோகும். தேத்தண்ணீர் ஆறிப்போகும், பேச்சு ஆறாது. இப்பொழுதோ ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார், எண்ணைப் படிக்கிறார், எல்லோரும் எழுந்து போய்விடுகின்றனர். அவ்வாறு எழுந்து போனவர்களுள் நாமும் ஒருவரே. அதனால் ஒரு சிறுவனுக்குத் தீங்கும் இழைத்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில், அந்த எண் எங்கிருந்து வருகிறது? கிளாட் ஷானன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கணினி சதுரங்கம் ஆடுவதற்குரிய முறையை விளக்கி 1950-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் காய்களுக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, அரசிக்கு 9. துணையற்று நிற்கும் சிப்பாய்க்கும், ஒன்றன்பின் ஒன்றாய் மாட்டிக்கொண்ட சிப்பாய்களுக்கும் அரைப்புள்ளி கழிவு. காய்கள் உலாவ இடம் இருப்பின் சிறிது கூட்டல். இவை இயற்கையின் விதிகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களின் அநுபவத்தைக் காய்ச்சி வடித்த உத்தேசங்கள். 'நான் இதைச் செய்தால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன்' என்று இயந்திரம் முன்னோக்கிச் சென்று, சென்ற இடத்தில் நின்று இப்பட்டியலைக் கொண்டு கூட்டிப் பார்க்கிறது. இங்கிலாந்தில் ஆலன் டூரிங் என்பார் இத்தகைய முறையொன்றை வகுத்தார். அதனை ஓட்ட வல்ல கணினி கிடையாமையால், 1952-இல் தாமே இயந்திரமாக அமர்ந்து, காகிதத்தில் கணக்கிட்டு ஒரு நண்பரோடு ஆடினார். ஒரு நகர்வுக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஆட்டத்திலும் தோற்றார். ஆயினும் அந்தத் தோல்வியில் ஒரு நன்மை இருந்தது: எந்தக் கணக்கினால் தோற்றோம் என்பதை வரி வரியாகக் காட்ட முடிந்தது.

இன்றைய நிலை வேறு. 2017-இல் ஆல்பாசீரோ என்னும் நிரலுக்கு ஆட்டத்தின் விதிகளை மட்டும் தந்து, தன்னோடு தானே ஆடிக் கற்கும்படி விட்டனர். விலைப்பட்டியல் எதுவும் எவரும் எழுதிக்கொடுக்கவில்லை. அதன்பின் வந்த பல நிரல்கள் அவ்வழியையோ அதனைத் தழுவிய வழியையோ பின்பற்றின. உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து வளர்த்துவரும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் நிரலும் 2020 முதல் பயிற்சியால் கற்ற வலைப்பின்னல் ஒன்றைத் தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. ஆட்டம் மிக வலுத்தது, காரணம் மறைந்தது. ஏன் இந்த நிலைக்கு 0.7 என்று கேட்டால், சொல்லில் அடங்கும் விடை அதனிடம் இல்லை. இலட்சக்கணக்கான பெருக்கல்களின் முடிவு அவ்வெண், அவ்வளவே.

இங்கே பலரும் கவனியாத ஒன்றைச் சொல்லவேண்டும். அவ்வெண் எதனைப் பற்றியது? 'ஒன்று' என்றால் ஒரு சிப்பாயின் அளவு ஏற்றம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஸ்டாக்ஃபிஷை ஆக்குவோர் 2022-இன் இறுதியில் அந்த அளவையை மாற்றியமைத்தனர். அதன்படி +1 என்றால், அந்த நிலையிலிருந்து அந்நிரல் தனக்கு நிகரான எதிரியோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்று பொருள். யார் யாரோடு ஆடினால்? இயந்திரம் இயந்திரத்தோடு ஆடினால்! நீங்களும் நாமும் வியர்வை வழிய, கடிகாரம் ஓட, நகம் கடித்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பற்றி அவ்வெண் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதாக அது ஒருபோதும் உரிமை கொண்டாடவும் இல்லை. நாமே அவ்வாறு படித்துக்கொள்கிறோம்.

2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். சீனத்து டிங் லிரென் வெள்ளை, சென்னையிலிருந்து வந்த பதினெட்டு வயது குகேஷ் கறுப்பு. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் இயந்திரங்கள் சமன் என்றே காட்டிக்கொண்டிருந்தன. 'சமனுக்கு உடன்படாமல் இந்தப் பையன் ஏன் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறான்' என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் எத்தனையோ பேர். ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். குகேஷ் யானையை யானைக்கும் மந்திரியை மந்திரிக்கும் மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. ஆட்டமும் பட்டமும் அவர் கைக்கு வந்தன. இயந்திரம் பொய் சொல்லிற்றா? இல்லை. தவறாமல் ஆடினால் சமன் என்றது, அது மெய். களைத்துப்போன ஒரு மனிதன் பல மணி நேரம் தவறாமல் காத்துக்கொண்டிருக்க வேண்டிய சமன் அது என்பது சுழி என்னும் குறியில் அடங்கவில்லை. குகேஷ் கண்டது அந்தச் சுழிக்குள் அடங்காத பாரத்தை.

நிற்க. இயந்திரத்தைக் குறைகூறுவதில் மகிழ்ச்சி கொள்ளும் அன்பர்கள் சிலர் உளர். 'அது எண்ணுகிறதே ஒழிய அறிவதில்லை' என்பர். இது சோம்பேறியின் வாதம். மந்திரிகள் இரண்டும் அரசனும் ஒருபுறம், குதிரையும் அரசனும் மறுபுறம், வேறு காய் எதுவுமில்லை. இத்தகைய நிலையில் குதிரைக்காரன் தக்க மூலையில் காவல் அமைத்துக்கொண்டால் தப்பிவிடலாம் என்று 1851 முதல் நூல்கள் கூறிவந்தன. நூறாண்டுக்கு மேல் எல்லோரும் அவ்வாறே நம்பினர். 1980-களில் கென் தாம்ஸன் என்பார் கணினியைக் கொண்டு அந்நிலைகள் அனைத்தையும் முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். பெரும்பாலும் மந்திரிகளே வெல்லும், மிகக் கடினமான நிலைக்கும் 66 நகர்வுகள் போதும் என்று தெரியவந்தது. பெரியோர் எழுதியதைப் பெரியோர் எழுதியதாலேயே நம்பியிருந்த ஒரு பழக்கத்தை இயந்திரம் உடைத்தது. அது நமக்கு மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி. இன்று பலகையில் ஏழு காய்கள் வரை எஞ்சிய நிலைகள் முற்றும் கணக்கிடப்பட்டுள்ளன. அங்கே இயந்திரம் கூறுவது மதிப்பீடே அன்று; நிறுவப்பட்ட உண்மை. அதற்கு அப்பால் கூறுவது உத்தேசம். இவ்விரண்டையும் அது ஒரே முகத்தோடு, ஒரே எழுத்தில் காட்டுகிறது. இடர் அங்கேதான் இருக்கிறது.

உத்தேசத்தை உண்மையென மயங்குவது வல்லவர்களையும் விடவில்லை. 1997 மே மாதம் நியூயார்க்கில், நொடிக்கு ஏறக்குறைய 20 கோடி நிலைகளைப் பார்க்கவல்ல டீப் புளூ என்னும் கணினியோடு கஸ்பரோவ் ஆறு ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டத்தில் தான் வென்றபோதிலும், இறுதியில் அது செய்த ஒரு விநோத நகர்வு அவரையும் அவர் துணைவரையும் கலங்கவைத்தது. ஏதோ வெகுதூரம் பார்த்துச் செய்திருக்கிறது என்று எண்ணினர். அந்நகர்வு நிரலில் இருந்த ஒரு கோளாறினால் நேர்ந்தது என்று அக்கணினியை ஆக்கியோருள் ஒருவரே பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். மறுநாள் இரண்டாம் ஆட்டம். நெருக்கடியான ஒரு நிலையில் கஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். அதன்பின் ஆராய்ந்தவர்கள், இடைவிடாது அரசனுக்குச் செக் சொல்லிச் சமன் செய்ய வழி இருந்ததெனக் காட்டினர். இயந்திரம் அத்தகைய ஓட்டையை விட்டிருக்காது என்று அவர் நம்பினார், நம்பியதால் தேடவில்லை. முடிவில் இரண்டரைக்கு மூன்றரை என்று போட்டியை இழந்தார். கோளாற்றில் ஆழத்தைக் கண்டதும், ஓட்டையில் சுவரைக் கண்டதும் ஒரே மனநிலையின் இரு விளைவுகள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவ்வாறாயின் இயந்திரத்தை எதைக்கொண்டு அளப்பது? ஒன்றோடொன்று மோதவிடுவது ஒரு வழி. ஆல்பாசீரோ 2017-இல் ஸ்டாக்ஃபிஷோடு 100 ஆட்டங்கள் ஆடி 28-இல் வென்றது, 72 சமன், தோல்வியே இல்லை. உலகம் வியந்தது. ஆனால் நகர்வு ஒன்றுக்கு ஒரு நிமிடம் எனக் கட்டியதும், ஸ்டாக்ஃபிஷுக்குத் தொடக்க நகர்வுகளின் ஏடு தராததும் நியாயமா என்று உடனே வினா எழுந்தது. மறு ஆண்டு வேறு நிபந்தனைகளில் 1,000 ஆட்டங்கள் நடந்ததாக வெளியிட்டனர்: 155 வெற்றி, 6 தோல்வி. வலிமை ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று, அளவு மாறிற்று. ஆகவே யார் வென்றார் என்பதோடு எந்த நிபந்தனையில் என்பதையும் கேட்டல் வேண்டும். மற்றொரு வழி, கடினமான நிலைகளைத் தேர்ந்தெடுத்து வினாத்தாள் போல வைப்பது. 1998-இல் லினாரஸ் நகரில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் தமது மந்திரியை வலியச் சென்று பலிகொடுத்தார். கொடுத்ததனால் அவருடைய அரசனுக்கு நடுவே நுழைய நேரம் கிடைத்தது; வென்றார். அக்காலத்து இயந்திரங்கள் எவையும் அந்நகர்வை நினைக்கவில்லை; ஒரு மந்திரி போயிற்று என்று கணக்குப் பார்த்தன. நெடுநாள் அந்நிலை இயந்திரங்களுக்கு வைக்கும் தேர்வாகவே வழங்கிற்று.

தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு இவையெல்லாம் பால் கொட்டகையையே நினைவூட்டுகின்றன. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை ரப்பர்த் தோட்டத்தார் அறிவர். பாலில் விட்டால் அது மூழ்கும் அளவைக் கொண்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பர் என்று படித்துக்கொள்கிறோம். அந்தக் கருவி அறிவது பாலின் அடர்த்தியை மட்டுமே. ரப்பரை அது நேரே அறியாது. நீர் கலக்கும் அளவு பிசகினாலோ வெப்பம் மாறினாலோ எண் மாறும். மாறிய எண் பால் எடுத்தவரின் கூலியில் போய்த் தைக்கும். ஆகையால் ஐயம் எழுந்தால் என்ன செய்கிறோம்? கருவியோடு வாதாடுவதில்லை, கருவியை வணங்குவதுமில்லை. சிறிதளவு பாலை எடுத்து உறையவைத்து, அழுத்தி, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கிறோம். தாமதமாகும். ஆனால் அதுவே மெய்யான நிறுவை.

இவ்வளவு தெரிந்தும் நாம் செய்தது யாதெனில்:

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று அக்கம்பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் சதுரங்கப் போட்டி வைத்தோம். மிகச் சிறந்த ஆட்டத்துக்குப் பரிசு ஒரு சதுரங்கக் கடிகாரம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. பால்மரம் வெட்டும் ஒருவருடைய மகன், பதினான்கு வயது, பட்டணத்தில் முறையாகப் பயின்ற ஒருவனோடு ஆடினான். நடுவில் தன் யானையைக் கொடுத்து எதிரியின் மந்திரியை வாங்கினான். சிப்பாய்களையெல்லாம் எதிரெதிரே பூட்டி நிறுத்தினான். பின்பு தன் அரசனை இரண்டு கட்டங்களுக்கிடையே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தான். பட்டணத்துப் பையன் எவ்வளவோ முயன்றும் ஒன்றும் நடவாமல் ஆட்டம் சமனாயிற்று. பார்த்தோர்க்குச் சலிப்பு. நாம் கைப்பேசியில் அந்நிலையை வைத்தோம், வெள்ளைக்கு +2.4 என்றது. உடனே தீர்ப்பு எழுதி விளம்பரப் பலகையில் ஒட்டினோம்: 'தோற்கவேண்டிய ஆட்டம், எதிரியின் சோர்வால் தப்பியது.' பரிசு வேறொருவனுக்குப் போயிற்று.

அந்தப் பையன் நம்மிடம் வந்தான். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "ஐயா, அவர் எந்த வழியாக உள்ளே வருவார்?" என்று கேட்டான்.

"இயந்திரம் இரண்டரை என்கிறது, தம்பி" என்றோம்.

அவன் கேட்டதற்கு இது விடையன்று என்பது அப்பொழுதே நமக்குத் தெரியும். தெரிந்தே சொன்னோம். பரிசளிப்பு தொடங்கவேண்டியிருந்தது, நாற்காலிகளைத் திருப்பித் தரவேண்டியிருந்தது. பஞ்சாங்கம் சொல்லிற்று என்பாரைப் பார்த்துச் சிரிக்கும் நாம், அன்று பஞ்சாங்கம் படிப்பவராகவே நின்றோம்.

பின்பு ஒருநாள், பென்ரோஸ் என்னும் ஆங்கில அறிஞரின் பெயரால் அமைந்த கழகம் 2017-இல் வெளியிட்ட ஒரு சதுரங்க நிலையைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. கறுப்புக்கு அரசி, யானைகள், மூன்று மந்திரிகள். வெள்ளைக்கு அரசனும் சில சிப்பாய்களுமே. இயந்திரங்கள் கறுப்புக்கே பெருவெற்றி என்று காட்டின. ஆனால் கறுப்பின் பெருங்காய்கள் சிப்பாய்ச் சுவருக்குப் பின்னே அடைபட்டுக் கிடந்தன. மந்திரிகள் மூன்றும் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடுவன. வெள்ளை அரசன் வெள்ளைக் கட்டங்களில் உலாவிக்கொண்டிருந்தால் அவனைத் தொடுவார் இல்லை. சிறிது ஆடத் தெரிந்தவரும் சற்று நேரம் பார்த்தால் இது சமன் என்பார்.

படித்தவுடன் அந்தப் பையனின் கேள்வி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய ஆட்டத்தாளைத் தேடி எடுத்தோம். இம்முறை எண்ணைப் படித்து நிறுத்தவில்லை. இயந்திரத்தை அந்நிலையிலிருந்து தன்னோடு தானே ஆடும்படி விட்டோம். வெள்ளையின் யானைகள் இடமும் வலமும் ஓடின. திறந்த வழி ஒன்றுமில்லை. இருந்த ஒரே வாயிலைப் பையனின் மந்திரி காத்து நின்றது. எண் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, நெடுநேரம் 2.4-ஐச் சுற்றியே நின்றது. வெல்லும் நிலையாயின் நகர்வுக்கு நகர்வு அது வளரவேண்டுமல்லவா? வளரவில்லை. காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் ஐம்பது நகர்வுகள் சென்றால் சமன் என்பது விதி. அது நெருங்க நெருங்க எண் தேய்ந்து தேய்ந்து, முடிவில் சுழியாயிற்று. இரவு ஒருமணி ஆகியிருந்தது.

இயந்திரத்தின்மேல் நமக்கு வருத்தம் இல்லை. கேட்ட கேள்விக்குக் கேட்ட நேரத்தில் தன்னாலான விடையைத் தந்தது; அதிக நேரம் தந்தபோது தன் விடையைத் தானே திருத்திக்கொண்டது. பலகையில் ஒட்டிய தாளில் கையெழுத்திட்டது அது அன்று, நாம். அந்தப் பையன் கேட்டது ஒரு காரணம். காரணம் சொல்ல நமக்குத் தகுதி போதாதெனில், 'எனக்குத் தெரியவில்லை, தம்பி. உட்கார், பார்ப்போம்' என்று சொல்ல எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. நம்மினும் வல்லவனைச் சோதிப்பது எப்படி என்று முதலில் கேட்டோமல்லவா? அந்தச் சிறுவன் சோதித்தான். அவன் ஆட்டம் இயந்திரத்தின் ஆட்டத்துக்கு எவ்வளவோ தாழ்ந்தது. ஆயினும் எந்த வழியாக என்று கேட்க அவனுக்குத் தெரிந்திருந்தது. வல்லவன் வழியைக் காட்டினால் ஒப்புக்கொள்ளலாம். காட்டாவிடில் உலர்த்தி நிறுக்கலாம்.

மறு ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனோம். கையில் புதிய கடிகாரம் ஒன்று. தகப்பனார் பாய் விரித்தார். தாயார் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். விளம்பரப் பலகையில் எழுதியது தவறு, அதே பலகையில் திருத்தமும் ஒட்டிவிட்டோம் என்றோம். பையன் இப்போது வளர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது. கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பக்கமாக வைத்தான். பிறகு உள்ளே போய்த் தன் பழைய பலகையைக் கொண்டுவந்தான். ஒரு குதிரைக்குத் தலை இல்லை; அதன் இடத்தில் ஒரு சோடா மூடி. தாள் எதையும் பாராமல் அந்த நிலையை அப்படியே அடுக்கினான். வெள்ளையை நம் பக்கம் திருப்பினான்.

"நீங்கள் உள்ளே வாருங்கள், ஐயா" என்றான்.

விளக்கேற்றும் வரை முயன்று பார்த்தோம்.